கால் அங்குலம் வளர்ந்த கோயில்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். யார் யார் என்பதைத் தவறில்லாமல் எழுதிவிட வேண்டும். அது எதற்கு என்பது கடைசியில் தெரியும். ஒன்று, வீட்டுக்காரர். ராணுவக் கணக்கு அலுவலகத்தில் சூப்பரின்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர், அந்தக் காட்சிச்சாலையின் சொந்தக்காரர். இரண்டு, அவர் மனைவி. டீத் தட்டோடு வந்தவர், பேச்சு தடித்ததும் தட்டைக் கீழே வைக்காமல் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். மூன்று, அவர்களுடைய மாப்பிள்ளை. கிர்க்கிப் பக்கம் ஒரு அரசாங்கத் தொழிற்சாலையின் கேட் ஆபீசில் அவருக்கு வேலை. நான்கு, அதே தொழிற்சாலையில், இரும்பு வார்ப்பதற்கு மரத்தில் மாதிரி செய்துகொடுக்கும் ஆசாரி. நாகர்கோவில் பக்கத்துக்காரர். ஐந்து, நான். ஜன்னலில் பக்கத்து வீட்டுக் குழந்தை ஒன்று எட்டிப் பார்த்ததுபோல் சில நாள் எனக்குத் தோன்றும். எட்டிப் பார்த்திருந்தால் வெளிச்சம் மறைந்திருக்கும். மறையவில்லை. ஆகவே ஐந்து பேர்தான்.

எங்கள் கடை பூனா கேம்பில் இருந்தது. பட்டாளத்துக்காரர்களுக்குச் சீருடை தைக்கும் கடை. வாப்பா மௌத்தானபோது நான் ஏழாம் வகுப்பு. மறு வாரமே என் பள்ளிக்கூடப் பை, நூல்கண்டு போட்டுவைக்கும் பையாகிவிட்டது. அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் இஞ்சு டேப்பில் உள்ள எண்கள்தான். அதில் மட்டும் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை. மற்ற எல்லாவற்றிலும் வரும். கடைப் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்த்துவிட்டு நடப்பேன். குவார்ட்டர் கேட் வரை போய்விட்டுத் திரும்பி வந்து நாலாம் தரம் இழுத்துப் பார்ப்பேன்.

அந்த வீடு ராஸ்தா பேட்டையில். பின்கட்டில் இரண்டு அறைகளின் நடுச்சுவரை இடித்து ஒன்றாக்கி, பழங்காலக் கட்டடங்களின் சிறு மாதிரிகளை வரிசையாக வைத்திருந்தார். பாரிஸ் சாந்தில் சாஞ்சி ஸ்தூபி, தேக்கில் கார்லா குகையின் முகப்பு, பித்தளையில் குதுப் மினார், காகிதக் கூழில் ஓர் எகிப்துப் பிரமிடு. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு அட்டை: என்ன பொருள், எங்கிருந்து வந்தது, உயரம் எவ்வளவு, உண்மைக் கட்டடத்தின் ஓர் அடிக்கு இங்கே எத்தனை அங்குலம். பெட்டிகளுக்குள் சிவப்பு வெல்வெட் விரிக்கத்தான் என்னை முதலில் கூப்பிட்டார். வேலை முடிந்ததும், ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து கதவைத் திறந்துவைத்து, பார்க்க வருகிறவர்கள் கைவைக்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். மாதம் எட்டு ரூபாய். கூடவே ஒரு சாவி.

எட்டு ரூபாயில் எனக்குச் சந்தோஷம். சாவியில் பயம். ஏதாவது காணாமல் போனால் சாவிக்காரன் முகத்தைத்தானே முதலில் பார்ப்பார்கள்? சாயங்காலம் பூட்டும்போது மாதிரிகளை எண்ணுவேன். முப்பத்தொன்று. எண்ணி முடித்ததும், பிரமிடை இரண்டு தரம் எண்ணிவிட்டோமோ என்று திரும்ப எண்ணுவேன்.

ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஊருக்குப் போகுமுன் தன் சாமான்களை விற்றபோது, மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலின் மாதிரி ஒன்றை வீட்டுக்காரர் வாங்கினார். முழுக்க மாக்கல். இரண்டு கோபுரமும், நந்தி வரிசையும், பெரிய கோபுரத்தின் உச்சிக் கலசம் வரை அப்படி ஒரு வேலை. அடிப்பலகை மட்டும் கரையான் தின்று உதிர்ந்துபோயிருந்தது. புதிய அடிப்பலகையும், மேலே மூட ஒரு கண்ணாடிப் பெட்டியும் செய்ய நல்ல ஆசாரி வேண்டும் என்றார். நான்தான் அந்த நாகர்கோவில்காரரைச் சொன்னேன்.

அவர் எங்கள் கடைக்கு வருகிற ஆள். அதற்கு ஒரு மாதம் முன்பு, காக்கிக் கால்சட்டையின் வலது தொடையில் உள்பக்கமாக ஒரு நீளப் பை வைத்துத் தைக்கச் சொல்லியிருந்தார்.

"வெளிய தெரியக் கூடாது பாய்."

"எதுக்கு அண்ணாச்சி, உள்ளாற?"

"ஸ்கேலு வைக்கத்தான். சைக்கிள் மிதிக்கையில குத்துது."

தைத்துக் கொடுத்தேன். வெளியே தெரியாத பை எதற்கு என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு வேறு கவலை வந்து அது மறந்துவிட்டது.

கூலி அறுபது ரூபாய் என்று பேச்சு. பதினைந்து முன்பணம். இது சரியாக வந்தால் இன்னும் ஆறு பெட்டி அவருக்கே என்று வீட்டுக்காரர் சொன்னார். அண்ணாச்சிக்கு அந்த ஆறு பெட்டி மேல்தான் கண். தாபோடியில் அவர் குடியிருந்த அறைக்குத் தகரம் மாற்ற வேண்டும், போன மழையில் பிள்ளைகளைக் கட்டிலுக்கு அடியில் படுக்கவைத்தோம் என்று சொல்லியிருந்தார்.

வீட்டுக்காரரிடம் ஒரு முறை உண்டு. கணக்கு அலுவலகத்தில் முப்பது வருடம் பழகியது. ஒரு பொருள் வெளியே போனால், எடுத்துப்போகிறவர் தன் கையால், தன் அளவுகோலால் அளந்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். திரும்பி வரும்போது வேறொருவர் வேறு அளவுகோலால் அளக்க வேண்டும். "ஒரே கை ரெண்டு தடவ அளந்தா, ஒரே தப்ப ரெண்டு தடவ பண்ணும்" என்பார். அதன்படி அண்ணாச்சி அளந்து எழுதினார்: உயரம் இருபத்துநாலு அங்குலம். புதிதாக வந்த பொருள் என்பதால் அதற்கு முன் அளவு எதுவும் கிடையாது. வீட்டுக்காரர் அந்த இருபத்துநாலை வைத்தே அட்டையும் எழுதி முடித்துவிட்டார்.

மூன்று வாரம் கழித்து, கைவண்டியில் வைக்கோல் பரப்பிக் கோயில் திரும்பி வந்தது. அந்த நாளைத்தான் சொல்ல வந்தேன்.

வேலை என்னவோ கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரிதான் இருந்தது. தேக்குப் பலகையில் கீறியிருந்த கட்டத்தில் கல் அப்படியே உட்கார்ந்தது. கண்ணாடிப் பெட்டியில் மட்டும், சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒல்லியாக ஒரு மரக்கீற்று வைத்து அடைத்திருந்தது. அளவு போதாத துணிக்கு ஒட்டுப் போடுவதுபோல. நல்ல வேலைக்காரன் ஏன் ஒட்டுப் போடுகிறான் என்று அப்போதே என் மனசு அரிக்கத் தொடங்கியது.

அண்ணாச்சி கையெழுத்துப் போட்ட ரசீதை மாப்பிள்ளை படிக்க, நான் பலகையை விட்டுவிட்டுக் கல்லுக்கு மட்டும் டேப்பைப் போட்டேன். இருபத்துநாலே கால். இன்னொரு தரம் போட்டேன். அதே இருபத்துநாலே கால்.

"என்னப்பா, எவ்வளவு?" என்றார் வீட்டுக்காரர்.

"சார்... கால் இஞ்சு வித்தியாசம் வருது."

"கொறையுதா?"

"கூடுது சார்."

"கல்லு எப்படியப்பா கூடும்?"

மாப்பிள்ளை சிரித்தார். "தாபோடித் தண்ணி ஒத்துக்கிட்டு வளந்திருக்கும் மாமா."

"டேப்பு பழசா இருக்கும்" என்றார் அண்ணாச்சி.

எனக்குச் சுருக்கென்றது. "டேப்பு பழசானா நீளும் அண்ணாச்சி. நீண்டா அளவு கொறைச்சுத்தான் காட்டும், கூட்டிக் காட்டாது."

"சரி, சண்டை வேணாம்" என்றார் வீட்டுக்காரர். "ஓய், உம்ம ஸ்கேலை எடும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துட்டாப் போச்சு."

அண்ணாச்சியின் கை வலது தொடைக்குப் போனது. போன கை அங்கேயே நின்றது. அவர் பார்வை மாப்பிள்ளை மேல் ஒரு தரம் பட்டுத் திரும்பியது.

"ஸ்கேலு இப்பக் கைவசம் இல்லைங்க ஐயா."

"எங்க போச்சு?"

"தொலைஞ்சிட்டு."

"ஸ்கேல் இல்லாத ஆசாரியா!" என்றார் மாப்பிள்ளை. "நாளைக்கு பாய் வந்து ஊசி தொலைஞ்சிட்டுன்னு பல்லால தைப்பாரு போல."

யாரும் சிரிக்கவில்லை. வீட்டுக்காரர் குனிந்து கல்லை முகர்ந்து பார்க்கிற தூரத்தில் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சத்தியமாக என்னைத்தான் பார்த்தார். ஆளைக் கூட்டிவந்தவன் நான், சாவி வைத்திருப்பவன் நான். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் திறந்துவிட்டேன்.

"சார், எனக்கு இவரக் கடையில பாத்த பழக்கம்தான். வேற ஒண்ணும் தெரியாது. மாமல்லபுரத்துல இதே மாதிரி கல்லுக் கோயிலு கடைக்குக் கடை விக்கிறாங்கன்னு சொல்லுவாங்க. பழசுக்குப் பதிலா புதுசு ஒண்ணை வச்சா நமக்கு எப்படித் தெரியும்?"

"மாத்திட்டான்னு சொல்றியா?"

"நான் சொல்லல சார். அளவுதான் சொல்லுது. அதோட, ரெண்டு மாசம் முன்னாடி இவரு கால்சட்டையில உள்ளாற ஒரு..."

"பாய்."

அண்ணாச்சி சத்தம் போட்டுச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் நான் நிறுத்திவிட்டேன். அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டார்.

"நான் மாத்தலங்க ஐயா. இது உங்க கல்லுதான். பாக்கி ரூவா எனக்கு வேணாம். வாரேன்."

வாசற்படியில் அந்த அம்மா தட்டோடு ஒதுங்கி வழிவிட்டார். அண்ணாச்சி டீயை எடுக்காமலே போய்விட்டார்.

"பாத்தீங்களா?" என்றார் மாப்பிள்ளை. "ரூபாய் வேணாம்னுட்டு எவனாவது போவானா? மடியில கனம்."

எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் வீட்டுக்குப் போனதும் டேப்பின் மேல் சந்தேகம் வந்தது. மறுநாள் துணிக்கடைக்குப் போய், அவர்களுடைய இரும்புக் கஜக்கோலின் மேல் டேப்பை வைத்துப் பார்த்தேன். நூல் அளவு பிசகவில்லை. அப்பாடா என்று வந்து வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"டேப்பு சரியா இருக்குன்னு இன்னைக்குப் பாத்தீய. நேத்தே ஆளு சரியில்லன்னு சொல்லிட்டு வந்துட்டீயளே" என்றாள். "நம்ம புள்ள சட்டைக்கு பட்டன் வைக்க நேரமில்ல, ஊருக் கோயிலுக்கு உயரம் பாத்தாச்சு."

வீட்டுக்காரர் அடுத்த வாரமே கதவுக்கு இரண்டாவது பூட்டு ஒன்று போட்டார். அதன் சாவியை எனக்குத் தரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து ஒன்றைத் திறப்பார், நான் ஒன்றைத் திறப்பேன். அதைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆறு பெட்டி வேலை வேறு ஆளுக்குப் போயிற்று. அண்ணாச்சி அதன் பிறகு எங்கள் கடை இருந்த தெருவழியே வரவில்லை. அந்த மழைக்காலம் முழுக்க, மழை வலுத்தால் எனக்குத் தாபோடித் தகரம் ஞாபகம் வரும். திருடினவன் வீடு ஒழுகினால் நமக்கென்ன என்று திரும்பிப் படுப்பேன். திருடியிருந்தால் தகரம் மாற்றியிருக்க மாட்டானா என்று உடனே இன்னொரு கேள்வி வரும். கொஞ்ச நாளில் ஜபல்பூருக்கு மாற்றல் ஆகிப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

பூனாவில் வெள்ளம் வந்த மறு வருடம். ஜூனா பஜாரில் சேற்றிலிருந்து எடுத்த சாமான்கள் மலிந்து கிடந்தன. பழைய கத்தரி தேடிப் போனேன். ஒருவர் சாக்கு விரித்து உளி, அரம், திருப்புளி என்று பரப்பியிருந்தார். அதற்குள் ஓர் அடி நீள எஃகு ஸ்கேல் ஒன்று துருவேறிக் கிடந்தது. எதைப் பார்த்தாலும் டேப்பை வைத்துப் பார்ப்பது எனக்குப் பழக்கம். வைத்தேன். ஸ்கேலில் பன்னிரண்டு என்று போட்டிருந்த இடத்தில் என் டேப் பன்னிரண்டே அரைக்கால் காட்டியது.

"இது தப்பான ஸ்கேல்" என்று இந்தியில் சொன்னேன்.

கடைக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. அவரே ஒரு காலத்தில் பட்டறையில் இருந்தவராம். "தப்பில்லை பாயிஸாப், இது டலாயிவாலா ஸ்கேல்" என்றார். டலாயி என்றால் வார்ப்படம். உருகிய இரும்பு ஆறினால் சுருங்கும். அதற்காக மரமாதிரியைக் கொஞ்சம் பெரிதாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு தரமும் கணக்குப் போடாமல் இருக்க, அங்குலத்தையே கொஞ்சம் நீளமாகப் போட்டு இந்த ஸ்கேலைச் செய்கிறார்கள். ஓர் அடிக்கு அரைக்கால் அங்குலம் கூட. வெறுங்கண்ணுக்குத் தெரியாது. "வார்ப்பட மாதிரி செய்கிறவன் கைக்கு இதுதான் அங்குலம்" என்றார். பின்பக்கம் திருப்பிக் காட்டினார். அரசாங்க முத்திரை இருந்தது. "வெளியே கொண்டுவரக் கூடாது. கேட்டில் பிடித்தால் வேலை போய்விடும். வெள்ளத்தில் வந்தது, நான் என்ன செய்ய?" என்று அதற்கும் ஒரு சமாதானம் சொன்னார்.

நான் சாக்குக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு ரூபாய் கேட்டார். பேரம் பேசாமல் கொடுத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பார்க்க வந்தவர்கள் போனதும் கண்ணாடிப் பெட்டியைத் தூக்கிவைத்துவிட்டு, கோபுரத்தின் பக்கத்தில் அந்த ஸ்கேலை நிறுத்தினேன். ஒரு தரம். விரலால் குறி வைத்துக்கொண்டு இரண்டாம் தரம். கலசத்தின் நுனி சரியாக இருபத்துநாலில் நின்றது. மரக்கீற்றுக்கும் விளக்கம் கிடைத்துவிட்டது: சட்டத்தைத் தன் ஸ்கேலால் அறுத்திருக்கிறார், கண்ணாடிக்கடையில் அதே எண்களைச் சொல்லியிருக்கிறார், கடைக்காரன் ஊர் அங்குலத்தில் வெட்டிக் கொடுத்திருக்கிறான். அண்ணாச்சிக்கு விஷயம் எப்போது பிடிபட்டது என்று தெரியாது. அந்த அறையில் நிச்சயம் பிடிபட்டிருக்கும். ஸ்கேல் தொடையில்தான் இருந்தது. எதிரில் கேட் ஆபீஸ் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். எடுத்துக் காட்டினால் திருடன் இல்லை என்றாகும், வேலை போகும். அதற்குள் நான் கால்சட்டைப் பையைப் பற்றி வேறு பேச ஆரம்பித்துவிட்டேன். நாற்பத்தைந்து ரூபாயை விட்டுவிட்டு அவர் என் வாயை மூடிவிட்டுப் போனார்.

வீட்டுக்காரரிடம் ஸ்கேலைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு அதற்குள் இருமல் நோய் வந்து ஆள் பாதியாகியிருந்தார். தானே ஒரு தரம் அளந்து பார்த்தார்.

"இத எங்க வாங்கின? ரசீது இருக்கா?"

"ஜூனா பஜார்ல ரசீது ஏது சார்?"

"நீயும் ஆசாரியும் சேந்து பண்ற வேலை இல்லையே இது?"

நான் டேப்பையும் எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவரே உள்ளே போய் ஒரு கவரைக் கொண்டுவந்து கொடுத்தார். நாற்பத்தைந்து ரூபாய். "குடுத்துடு. கையெழுத்து வாங்கிட்டு வந்துடு."

"சார், அவர் மாத்தலைன்னு ஒரு வரி எழுதித் தந்தீங்கன்னா..."

"எழுதிக் குடுத்தா நாளைக்கு அதையே வச்சுக் கேஸ் போடுவான். பணம் குடுத்தா போதாதா?"

ஜபல்பூர் தொழிற்சாலை விலாசத்துக்கு மணியார்டர் அனுப்பினேன். பத்து நாளில் திரும்பி வந்தது, வாங்க மறுத்துவிட்டதாக எழுதி. அது முதல் எனக்குப் புதிய கவலை. திரும்பி வந்த பணத்தோடு அந்தக் கவர் என் பெட்டியில் இருக்கிறது. நானே அமுக்கிக்கொண்டேன் என்று யாராவது சொன்னால்? வீட்டுக்காரர் ஒவ்வொரு ஞாயிறும் "கையெழுத்து வந்ததா?" என்பார். மணியார்டர் திரும்பிய சீட்டை அவரிடம் காட்டினேன். வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

வீட்டுக்காரர் இறந்த அடுத்த வருடம், ஊருக்குப் போகிற வழியில் அண்ணாச்சியே கடைக்கு வந்தார். தலை நரைத்திருந்தது. மிஷினுக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தார். டீ சொன்னேன். இந்தத் தரம் குடித்தார். நான் ஸ்கேலை எடுத்து மேஜைமேல் வைத்தேன். பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"கண்டுபிடிச்சிட்டீரே பாய். எம்புட்டு வருசம்?"

கவரை எடுத்து நீட்டினேன். கை நீட்டவில்லை.

"இது யாரு தந்தது?"

"சார் தந்தது. மௌத்தாறதுக்கு முன்னாடி."

"நான் மாத்தலைன்னு சொல்லித் தந்தாரா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "பாக்கின்னு சொல்லித் தந்தாரு" என்றேன்.

"அப்ப வைச்சுக்கிடும். ஸ்கேல வெளிய கொண்டாந்தது என் தப்பு. அதுக்கு ரூவா போச்சுன்னு அன்னைக்கே விட்டுட்டேன். ஆனா அஞ்சு பேரு இருக்கையில நீரு வாயத் தொறந்து சொன்னீரு. அதே அஞ்சு பேரு இருக்கையில, இது அந்தக் கல்லுதான்னு வாயத் தொறந்து சொல்லும். சொன்னாக்க வாங்கிக்கிடுதேன்."

"சாருதான் போயிட்டாரே அண்ணாச்சி."

"அதுக்கு நான் என்ன செய்ய?" என்றார். கோபமில்லை. டீக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, கால்சட்டையின் வலது தொடையைத் தட்டிக் காட்டினார். "உம்ம தையலு மட்டும் இன்னும் பிரியல, பாத்துக்கிடும்." ரயிலுக்கு நேரமாயிற்று என்று எழுந்து போய்விட்டார்.

மற்றவர்களிடமாவது சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். மாப்பிள்ளை கான்பூருக்குப் போய்விட்டார். அவருக்குச் சொன்னால் ஸ்கேல் கதை வெளியே வருமே, அண்ணாச்சியின் வேலைக்கு இன்னமும் ஆபத்தாகுமே என்று பயந்து சொல்லவில்லை. அந்த அம்மாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "எனக்கு அன்னிக்கு டீ ஆறிப்போனதுதாம்பா ஞாபகம் இருக்கு" என்றார். மாதிரிகளைப் பெட்டி பெட்டியாக யாரோ வாங்கிப் போனார்கள். கடற்கரைக் கோயில் எங்கே போனது என்று தெரியாது. அதன் அட்டை மட்டும் குப்பையில் கிடந்தது, எடுத்து வைத்திருக்கிறேன். உயரம் இருபத்துநாலு அங்குலம் என்றுதான் அதில் இன்னும் இருக்கிறது.

கவர் என் பெட்டியில், ஸ்கேலுக்கு அடியில். வாரத்துக்கு ஒரு தரம் எண்ணிப் பார்ப்பேன். அண்ணாச்சிக்கு இன்னும் கொடுக்க வேண்டியது நாற்பத்தைந்து ரூபாய்.